முகூர்த்த நேரத்தில் ஒரு கிரகணம்

என்னுடைய இரவு காலை எட்டு மணிக்குத் தொடங்கும். மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, கதவிடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு மேசைக்கு முன்னால் உட்காருவேன். துணிக்கு அந்தப் பக்கம் மோனோரயில் போய்க்கொண்டிருக்கும். கீழே பூக்கடையில் மல்லிகை வந்து இறங்கும், சாப்பாட்டுக் கடையில் மத்தியானச் சாம்பாருக்குத் தாளிக்கும் வாசம் மாடிவரை ஏறும். துணிக்கு இந்தப் பக்கம், சிலி நாட்டு மலை ஒன்றில், இருட்டிக்கொண்டு வரும். பூமி உருண்டையில் எங்களுக்கு ஏறக்குறைய நேர் பின்புறத்தில் இருக்கிறது அந்த மலை. அங்கே நிற்கும் தொலைநோக்கி பார்ப்பதை நான் இங்கே திரையில் பார்ப்பேன்.

திரையைப் பார்க்க இருட்டு தேவையே இல்லை. எனக்குத்தான் தேவை. வெயிலில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்ப்பது, குளிக்காமல் கோயிலுக்குப் போவதுபோல் ஏதோ குறையாக இருக்கும். மத்தியானம் வேலை முடிந்து துணியை விலக்கினால் வெளிச்சம் முகத்தில் அறையும். அந்த முதல் சில நொடிகளில் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே நிச்சயமாகத் தெரியாது. கீழே இறங்கிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாலும், கைகழுவுகிற வரைக்கும் ஒரு பாதி இன்னும் அந்த மலையில்தான் இருக்கும்.

இது எப்போதாவது கிடைக்கும் பாக்கியம். மற்ற நாட்களில் என் வேலை பெரும்பாலும் துடைப்பதுதான். தொலைநோக்கி எடுத்த படங்களில் கேமரா கண்ணாடியின் தூசி இருக்கும், நிலா வெளிச்சத்தின் மிச்சம் இருக்கும், எங்கிருந்தோ பறந்து வந்து குத்திய துகள்களின் கீறல் இருக்கும். ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, மிஞ்சுகிற ஒரு புள்ளியின் வெளிச்சத்தை அளப்பேன். அடுத்த படம், அடுத்த புள்ளி. அளந்ததையெல்லாம் வரிசையாக வரைபடத்தில் வைத்தால் ஒரு கோடு வரும். சாயங்காலம் எழுந்திருக்கும்போது, இன்றைக்கு என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், ஒரு கோட்டில் கால்வாசி போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படி யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். வானியல் என்று சொன்னதுமே கிராப் டாக்சி ஓட்டுநர், "அப்ப எனக்குச் சனி எப்பக்கா விலகும்?" என்பார். முன்பெல்லாம் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியே போயிருக்கிறேன், அதுவும் மழையில். இப்போது பக்குவம் வந்துவிட்டது. "விலகிக்கிட்டேதான் இருக்கு தம்பி, ஆனா மெதுவா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கேட்கிற ஒரே ஆள் என் அண்ணன். கிள்ளானில் அம்மாவோடு இருக்கிறான். பூச்சோங்கில் லோரி டயர் கடை வைத்திருக்கிறான். சனிக்கிழமை நான் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவான்: "நம்ம கிரகம் எப்படி இருக்கு?"

நம்ம கிரகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தென்வானத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. பார்க்க ஒன்று, உண்மையில் இரண்டு. ஒன்று பூமி அளவுக்கே சுருங்கிப்போன வெள்ளை நட்சத்திரம், சின்னது, பிரகாசமானது. இன்னொன்று பெரியது, மங்கிய சிவப்பு. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிச் சுற்றுகின்றன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னது பெரியதன் பின்னால் போய் மறையும். அந்தக் கிரகணத்தில் வெளிச்சம் சட்டென்று விழுந்துவிடும், யாரோ விளக்கை அணைத்ததுபோல. சில நிமிடங்களில் திரும்பி வரும். அது மறைகிற கணத்தை நொடி சுத்தமாகக் குறித்துவைப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. ஏனென்றால் அந்தக் கணம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று, ஒரு பெரிய கிரகம், அந்த ஜோடியை மெல்ல இழுத்து ஆட்டினால் அப்படி ஆகும். ஜோடி அப்பால் நகர்ந்திருக்கும்போது அதன் வெளிச்சம் நம்மிடம் வரக் கூடுதல் தூரம் ஓட வேண்டும், கிரகணம் தாமதமாகத் தெரியும். இப்பால் வந்திருக்கும்போது சீக்கிரம் தெரியும்.

அந்தக் கிரகத்தை யாரும் பார்த்ததில்லை. நான் அதில் வாழ்ந்திருக்கிறேன். கிள்ளான் ரயிலில் கண்ணை மூடினால் போதும், அங்கே போய்விடுவேன். அங்கே எல்லாவற்றுக்கும் இரண்டு நிழல், ஒன்று கூர்மையாக, ஒன்று கலங்கலாக. கிரகண நேரத்தில் கூர்மையான நிழல் மட்டும் காணாமல் போய், உலகமே குங்குமம் கரைத்த தண்ணீருக்குள் இறங்கினதுபோல் ஆகிவிடும். "அங்க மழை பேயுமா?" என்று அண்ணன் ஒரு தடவை கேட்டான். பெய்யும் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவன் டயர் மாற்றிக் களைத்த முகத்தோடு கேட்டபோது, இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அதன்பிறகு அவன் கடைக்கு வருகிற லோரிக்காரர்களிடமெல்லாம், "என் தங்கச்சி ஒரு கிரகம் கண்டுபிடிச்சிருக்கா, அங்க மழைகூட பேயுது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"கண்டுபிடிக்கலண்ணே. சந்தேகப்படுறேன், அவ்வளவுதான்."

"எல்லாம் ஒன்னுதான் லா."

இரண்டும் ஒன்றில்லை. அந்தச் சிவப்பு நட்சத்திரத்தின் உள்ளே நடக்கிற ஏதாவது குளறுபடிகூட நேரத்தைக் கொஞ்ச நாள் ஆட்டிவைக்கலாம். எது சரி என்று தெரிய ஒரு வழி இருந்தது. கிரகம் உண்மையானால் இந்தத் தை மாதம் கிரகணம் அரை நிமிடம் பிந்த வேண்டும். நேரத்துக்கு வந்துவிட்டால் கிரகம் கிடையாது. அதைப் பார்க்க வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் தனக்குக் கிடைத்த தொலைநோக்கி நேரத்தில் ஒரு மணி நேரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். ஒரே ஒரு மணி நேரம். அதற்குப்பின் அந்த நட்சத்திரம் சூரியனுக்குப் பக்கத்தில் போய்விடும், மாதக்கணக்கில் தெரியாது.

அந்த ஒரு மணி நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து விழுந்தது. அதே காலையில் கிள்ளானில் அண்ணன் கல்யாணம்.

தலைமுடி நரைக்க ஆரம்பித்தபிறகு அவனுக்கு அமைந்த கல்யாணம் அது. பெண் சாலாக் செலாத்தானில் பாலர்பள்ளி ஆசிரியை. தாலி கட்டும்போது முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டும் அவருடைய தங்கையோ அக்காவோ போட வேண்டும், நாத்தனார் முடிச்சு. அவனுக்கு இருப்பது நான் ஒருத்தி. முகூர்த்தத்தை மாற்ற முடியாது, நட்சத்திரத்தை மாற்றவே முடியாது. அம்மாவிடம் கிரகணம் என்ற வார்த்தையையே நான் எடுக்கவில்லை. கல்யாண நேரத்தில் கிரகணம் என்று கேட்டால் கல்யாணத்தையே தள்ளிவைத்திருப்பார். "கொஞ்சம் ஆபீஸ் வேலை இருக்கும்மா, மண்டபத்திலயே ஓரமா உக்காந்து முடிச்சிருவேன்" என்றேன். அண்ணனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப என் கல்யாணத்தன்னிக்கு நம்ம கிரகமும் வருதுன்னு சொல்லு" என்றான்.

முதல் நாள் சாயங்காலம் மருதாணி வைத்தார்கள். இரண்டு கையிலும், முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை. காயும்வரை எதையும் தொடக் கூடாது. அப்போதுதான் மறுநாள் கிரகண நேரத்துக்கு நான் இன்னும் அலாரம் வைக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. வழக்கமாக மடிக்கணினியில் நானே எழுதிய சின்ன நிரல் ஒன்று அந்த நேரத்தைக் கணக்கிட்டுத் தரும். அன்றைக்கு என்னால் ஒரு எழுத்துத் தட்ட முடியாது. திரையில் திறந்தே கிடந்த கிரகண அட்டவணையை எட்டிப் பார்த்தேன், மனசுக்குள் மலேசிய நேரமாகக் கூட்டினேன், அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் போனில் அலாரம் வைத்தார். அந்தப் பக்கம் தட்டு வரிசைக்குத் தேங்காய் போதவில்லை என்று யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டோம்.

மறுநாள் காலை, மண்டபத்தில் மணப்பெண் அலங்கார அறையின் ஒரு மூலையில் என் மலை உட்கார்ந்திருந்தது. பவுடர் டப்பாக்களையும் கொண்டை ஊசிகளையும் ஒதுக்கிவிட்டு மடிக்கணினியை வைத்திருந்தேன். பெண்ணை மேடைக்கு அழைத்துப் போனபின் அறை காலியாகிவிட்டது. ஜன்னல் இல்லாத அறை. விளக்கை அணைத்தேன். பூ வாசமும் ஹேர் ஸ்பிரே வாசமும் கலந்த ஒரு இரவு சூழ்ந்துகொண்டது. சிலியில் இருந்த தொலைநோக்கி இயக்குநர், "வானம் சுத்தமாக இருக்கிறது, தொடங்கிவிட்டேன். இன்னொரு தொலைநோக்கியும் என் பொறுப்பில் இருக்கிறது, நட்சத்திரம் நகர்ந்தால் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதினார். என் திரையில் அந்தப் புள்ளி நடுக்கத்தோடு நின்றது. காற்றில் அது படத்தின் விளிம்பை விட்டு வழுக்கிப் போனால் கவனிக்க என்னைத் தவிர ஆளில்லை.

அறைச் சுவரில் இன்னொரு திரையும் இருந்தது. மேடையில் நடப்பதை மண்டபத்துக்காரர்கள் எல்லா அறைகளிலும் காட்டுவார்கள். அதில் சத்தம் இல்லாமல் ஐயர் வாய் அசைத்தார், புகை எழுந்தது, பட்டு வேட்டியில் அண்ணன் வியர்த்துக்கொண்டிருந்தான். இரண்டு திரையின் வெளிச்சமும் என் மடியில் விழுந்தது. எனக்கு ஒரு விசித்திரமான நிம்மதி. மேளச்சத்தம் சுவர் தாண்டி மங்கலாக வந்தது, கடலுக்கு அடியில் இருந்து கேட்பதுபோல.

அலாரம் அடித்தது. நட்சத்திரம் மறையவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடம் போனது, மறையவில்லை. ஒரு நிமிடம் ஆனது. அது பிந்திக்கொண்டிருந்தது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பிந்திக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் தாண்டியபோது கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய கிரகமா அது! அதன் கனத்தை என் உடம்பிலேயே உணர்ந்தேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். நாற்காலியோடு என்னையும் சேர்த்து அது இழுத்தது. அந்த இருட்டறையில், உலகத்தில் வேறு எவருக்கும் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அப்போது சுவர்த்திரையில் அண்ணன் எழுந்து நின்றான். கையில் தாலி. கெட்டிமேளம் சுவரை அதிர வைத்தது. அவன் குனிந்து பெண்ணின் கழுத்தருகே கையைக் கொண்டுபோனான், அப்படியே நின்றுவிட்டான். தலையைத் திருப்பி இடது பக்கம், வலது பக்கம் பார்த்தான். ஐயர் ஏதோ சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினான். மேளக்காரர் அடித்துக்கொண்டே இருந்தார், நாதஸ்வரக்காரரின் கன்னம் வெடித்துவிடும்போல் இருந்தது. அட்சதையைக் கையில் வைத்திருந்த கூட்டம் முழுக்கத் திரும்பி வாசலைப் பார்த்தது. அண்ணன் கையை இறக்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தார். "அடியே, எங்கடி இருக்க! உன் அண்ணன் கட்ட மாட்டேன்னு நிக்கிறான்!"

புள்ளி இன்னும் அணையவில்லை. எந்த நொடியும் அணையலாம். பல ஆண்டுகளாக நான் காத்திருந்த நொடி. எழுந்தபோது யாரோ என்னை இரண்டாகக் கிழிப்பதுபோல் இருந்தது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

என்னைப் பார்த்ததும் அண்ணன் முகம் விரிந்தது. முதல் முடிச்சைப் போட்டான். நான் பெண்ணுக்குப் பின்னால் மண்டியிட்டு மஞ்சள் கயிற்றின் இரு முனைகளையும் கையில் வாங்கினேன். அட்சதை தலையில் மழையாக விழுந்தது. இரண்டாவது முடிச்சு. "இறுக்கமா போடும்மா" என்றார் ஐயர். மூன்றாவதைப் போடும்போது கண் என் கையில் நின்றது. சிவந்த மருதாணி. நேற்று இந்தக் கையால் ஒன்றும் தட்ட முடியவில்லை. நிரலை ஓட்டவில்லை. அட்டவணையிலிருந்து நேராக எடுத்தேன்.

அந்த அட்டவணை பூமியின் நேரத்தில் இல்லை. பூமி ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால், நாங்கள் கிரகண நேரங்களையெல்லாம் சூரியனில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் கணக்குப் போட்டுத்தான் எழுதிவைப்போம். தை மாதத்தில் அந்த நட்சத்திரத்துக்கு நாம் சூரியனையும் தாண்டி அப்பால் இருக்கிறோம். சூரியனை எட்டிய வெளிச்சம் நம்மிடம் வந்து சேர இன்னும் நான்கு நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். அதைத்தான் என் நிரல் கூட்டித் தரும். அதை நான் கூட்டவே இல்லை. விலகி நின்றது நட்சத்திரம் இல்லை, நாங்கள். இந்த மண்டபம், மேளம், அட்சதை, அண்ணன், நான் எல்லாரும்.

முடிச்சை இறுக்கினேன். அந்த நேரத்தில்தான், அநேகமாக அந்த நொடியில்தான், அது மறைந்திருக்கும்.

உடனே ஓடவில்லை. நாத்தனார் விளக்குப் பிடிக்க வேண்டும், பிடித்தேன். மூன்று சுற்று வந்தோம். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. மறுபடி அறைக்கு வந்து உட்கார்ந்தபோது கோடு முழுதாக வரையப்பட்டிருந்தது. நேராக வந்து, செங்குத்தாக விழுந்து, சில நிமிடம் அடியில் கிடந்து, செங்குத்தாக எழுந்திருந்தது. புள்ளி எங்கேயும் வழுக்கவில்லை. "அழகான கிரகணம், வாழ்த்துகள்" என்று இயக்குநர் எழுதியிருந்தார். நிரலை ஓட்டினேன். ஒரு நொடிகூடப் பிந்தவில்லை. மறுபடி ஓட்டினேன். நேரத்துக்கு வந்து, நேரத்துக்குப் போயிருந்தது.

இரண்டு நிழல் விழும் அந்த ஊர், அந்தச் சிவப்புச் சாயங்காலம், மழை, எதுவும் இல்லை. இழுக்க ஆளே இல்லாமல் அவை இரண்டும் தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. எனக்கு அழுகைகூட வரவில்லை. மடிக்கணினியை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இனி எழுத வேண்டியது என்ன என்று மட்டும் தெரிந்தது. இங்கே கிரகம் இல்லை என்று ஒரு சின்னக் கட்டுரை. அதுவும் எங்கள் வேலைதான், அதையும் யாராவது எழுதியாக வேண்டும்.

சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் உட்கார அண்ணனும் அண்ணியும் அறைக்கு வந்தார்கள், கூடவே அம்மா. அண்ணன் மாலையைக்கூடக் கழற்றவில்லை.

"என்னா, வந்துச்சா நம்ம கிரகம்?"

"இல்லண்ணே. அப்படி ஒன்னு இல்லவே இல்ல. என் சந்தேகம் தப்பு."

"நல்ல நாளும் அதுவுமா இல்ல, இல்லங்காதடி" என்றார் அம்மா, எது இல்லை என்று தெரியாமலேயே.

அண்ணன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையில் இருந்த கோட்டையே பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "நான் தாலியப் புடிச்சிக்கிட்டு நின்னதாலயா? நீ எந்திரிச்சி வராம இங்கயே பாத்துக்கிட்டு இருந்திருந்தா வந்திருக்குமா?"

"இல்லண்ணே. நான் பாத்தாலும் பாக்கலன்னாலும் அது அந்த நேரத்துக்குத்தான் மறையும். அதுக்கு நான் தேவையே இல்ல."

அவன் பெருமூச்சு விட்டான். என் தோளில் ஒட்டியிருந்த அட்சதையைத் தட்டிவிட்டான். நான் சும்மா கேட்டேன்: "நான் வந்திருக்கலன்னா என்னா செஞ்சிருப்ப?"

"என்னா செய்யிறது? நின்னுக்கிட்டு இருந்திருப்பேன்."

"முகூர்த்தம் போயிருக்குமே."

"போனா போவுது லா."

அண்ணி தலையை நிமிர்த்தினார். "ஐயர்கிட்டயும் அதேதான் சொன்னாரு. நேரம் போவுதுன்னு அவரு கத்துறாரு, போனா போவுது, என் தங்கச்சி வரணும்ங்கிறாரு இவரு. என் கழுத்துகிட்ட இருந்த கை நடுங்குது, ஆனா எடுக்கவே இல்ல."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.